மீன்களுக்குப் பெரட்டு

“சத்தம் போடாதீங்க. வந்துகிட்டிருக்கானுங்க” என்றார் என் மாமனார்.

குட்டைக் கரையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். விடிந்தும் விடியாத நேரம். தண்ணீர்மேல் ஆவி படர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலை கைலியைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். என் இடுப்பில் மகள் கவிதா, இரண்டு வயது, தூக்கம் கலையாமல் என் தோளைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மாமா பலகைப் பாலத்தில் நடந்து மீன் கூண்டுகளிடம் போனார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்தவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதே மிடுக்கோடு முதல் கூண்டின் ஓரத்தில் நின்றார்.

கூண்டு நிறைய மீன். சிவப்புத் திலாப்பியா. அத்தனையும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடின. மழை விட்ட பிறகு கூரை சொட்டுவதுபோல ‘ப்ளக், ப்ளக்’ என்று ஒரு சத்தம்.

“முனியம்மா வந்தாச்சா? சரி. ஆறுமுகம்? நேத்து லீவு போட்டவன்தானே நீ? வா, வா. அங்க யாருடா பின்னால ஒளியிறது?”

தன்னிடம் வேலை பார்த்தவர்களின் பெயரையெல்லாம் மீன்களுக்கு வைத்துக் கூப்பிட்டார். எல்லாரும் சிரித்தோம்.

“அடேயப்பா, மண்டோர் கூப்பிட்டா மீன்கூட வருது! என் வீட்டுக்காரன் நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான் லா” என்றாள் அஞ்சலை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தவிட்டையும் ரொட்டித் துண்டையும் வாளியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா அள்ளி வீசினார்.

அன்றைக்கு எங்களோடு சேராமல் கொஞ்சம் தள்ளி ஒருவர் நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரிடம் வருவதற்கு முன்னால் சில பழைய கதைகளைச் சொல்லியாக வேண்டும்.

பெரட்டு என்றால்

தோட்டத்தில் பிறக்காதவர்கள் இந்தத் தொடரைப் படிக்கிறார்கள் என்று தெரிகிறது. போன வாரம் ஒரு தங்கை, ‘லயம் என்றால் சங்கீதமா?’ என்று கேட்டு எழுதியிருந்தார். இல்லையம்மா, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். சங்கீதமும் இருந்தது, அது பக்கத்து வீட்டுச் சண்டை.

அதுபோல, பெரட்டு. விடியும் முன்னே ஆட்களெல்லாம் வந்து வரிசையில் நின்று பெயர் கொடுப்பது. மண்டோர் பெயர் கூப்பிட, கணக்குப்பிள்ளையான கிராணி புத்தகத்தில் பதிய, அதன் பிறகுதான் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போக வேண்டும். பிந்தி வந்தால் அன்றைய கூலி போச்சு.

மாமா ஓய்வு பெற்றதும் நாங்கள் லயத்தைக் காலி செய்து, தோட்டத்து ஓரத்தில் ஒரு பலகை வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். மாமி அதற்கு முன்பே தவறிவிட்டார். ஓய்வு பெற்ற மனுஷன் ஓய்ந்து இருந்தால்தானே! விடிகாலையில் எழுந்து, குளித்து, காக்கிக் கால்சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் நிற்பார். தூரத்தில் பெரட்டு மணி கேட்கும். அது ஓயும்வரை அசைய மாட்டார். பார்க்கவே எனக்கு அழுகை வரும்.

அதனால்தான் மீன்கள் விடியற்காலையில் வரிசை கட்டி மேலே வந்தபோது அவர் அதைப் பெரட்டு என்று நினைத்தார். நானும் நம்பினேன். என் ஆசை வேறு ஒன்று.

கடல் தாண்டிப் போனவர்

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தார். எண்பதுகளின் நடுவில் இங்கே மலேசியாவில் வேலையே இல்லை. ஈயம் விலை படுத்துப்போய், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஈயம் தோண்டியவர்கள் குட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரத்தைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். இரண்டே நாள். அந்த இரண்டு நாளில் முதல் நாள் வெட்கத்திலேயே போய்விடும். சிரிக்காதீர்கள். கட்டிய புருஷன்தான், பிள்ளையும் பெற்றாயிற்று. ஆனாலும் இரண்டு மாதம் பார்க்காத ஆளிடம் ‘சாப்பிடுங்க’ என்று சொல்லக்கூட நாக்கு எழாது. இரண்டாம் நாள் பேச்சு வந்து, சண்டை வந்து, சிரிப்பு வரும்போது அவர் கிளம்ப வேண்டும்.

கடைத் தெருவில் ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. அவர் கூப்பிடும் நேரத்துக்குப் போய் நிற்பேன். மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் ‘கேக்குதா? கேக்குதா?’ என்பதிலேயே தீர்ந்துவிடும். மீதி ஒரு நிமிடம் பிள்ளைக்குச் சளி, மாமாவுக்குக் கால் வலி. எனக்கு என்ன வலி என்று சொல்ல ஒரு தடவைகூட நேரம் கிடைக்கவில்லை.

மீன் குழம்பு வைத்தால் தலையை அவருக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவேன். பிறகு ஞாபகம் வந்து நானே தின்பேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால், ‘வீடியோ கால் பண்ணியிருக்கலாம்ல’ என்கின்றன. என்னத்தைச் சொல்ல.

கூண்டு யோசனை அவருடையது. ஜொகூர் பக்கம் கடலில் மிதக்கும் கூண்டுகளில் மீன் வளர்ப்பதைப் பார்த்திருக்கிறார். ஒரு விடுமுறையில் வந்து, நீல டிரம்களைக் கட்டி, பலகை அடித்து, வலையைத் தொங்கவிட்டு, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஈயக் குட்டையில் நாலு கூண்டு மிதக்கவிட்டார். குட்டைக்கு அனுமதியும் வாங்கினார். முதுகு வெயிலில் உரிந்துபோனது. நான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

“பாக்கியம், ரெண்டு அறுவடை ஒழுங்கா வரட்டும். வேலையை விட்டுட்டு வந்துர்றேன்” என்றார்.

ஒரு அறுவடைக்கு ஏழு மாதம். இரண்டுக்குப் பதினாலு. அவர் போன மறுநாளே எனக்குக் கை பரபரத்தது.

நான் போட்ட கணக்கு

மீன்வளத் துறையிலிருந்து ஒரு மலாய் அதிகாரி வந்து கூண்டுகளைப் பார்த்தார். சாந்தமான மனிதர். பத்தடிக்குப் பத்தடி கூண்டு, தண்ணீரும் ஓடாத தண்ணீர். “ஒரு கூண்டுக்கு அறுநூறு குஞ்சு. அதுக்கு மேலே ஜாங்கான்” என்று கையை ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனார். ஜாங்கான் என்றால் வேண்டாம், கூடாது. மலாயில் எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தைதான்.

ஆனால் குஞ்சுகளைப் பார்த்தால் விரல் நீளம்கூட இல்லை. அறுநூறைக் கொட்டினால் கூண்டு காலியாகத்தான் தெரியும். ஆயிரத்து இருநூறு விட்டால்? ஒரே அறுவடையில் இரண்டு அறுவடை மீன். பதினாலு மாதம் ஏழாகிவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கும் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றிவிட்டது என்று நினைத்தேன், பாருங்கள்!

மாமாவிடம் கேட்டேன். செம்பனை நட்டபோது கயிறு பிடித்து இடம் அளந்து குழி போட்டவர் அவர். இரண்டு கன்றை நெருக்கி வைத்தால் வெளிச்சம் தேடி உயரமாக வளருமே தவிர குலை தள்ளாது என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பார். அந்த மனுஷன் சொன்னார்:

“போடு புள்ள. ஆள் கூட இருந்தா வேலை சீக்கிரம் முடியும்.”

மரம் என்றால் இடம் வேண்டும், ஆள் என்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். தோட்டத்து நியாயம் அதுதான். மீன் அவருக்கு ஆள் கணக்கில் சேர்ந்துவிட்டது.

தீனி வாங்க என் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன பணத்தையும் போட்டுக் குஞ்சு வாங்கினேன். மூன்று கூண்டில் ஆயிரத்து இருநூறு விட்டோம். நாலாவதற்கு மிஞ்சியது நானூறுதான். அதைப் பார்த்து மாமா, “ஆளே இல்லாத லயம் மாதிரி இருக்கு” என்று உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதினேன். ‘அதிகாரி சொன்னபடி அறுநூறு விட்டோம்’ என்று. கல்யாணமாகி அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. இரண்டாவதும் உண்டு, அது பிற்பாடு ஒரு கடிதத்தில்.

தீனிக்குப் பணம் இல்லை அல்லவா? தவிடு, ரொட்டிக் கடையில் வெட்டிப்போட்ட ஓரம், மரவள்ளி இலை என்று கிடைத்ததை எல்லாம் போட்டேன். நாலைந்து மாதம் போனதும் விடியற்காலையில் மூன்று கூண்டிலும் மீன்கள் மேலே வர ஆரம்பித்தன. மாமாவின் பெரட்டும் ஆரம்பித்தது. வெயில் ஏறியதும் அவை கீழே போய்விடும். “பேர் குடுத்தாச்சு, வேலைக்குப் போயிட்டானுங்க” என்பார் திருப்தியாக.

நாலாம் கூண்டு மீன்கள் மட்டும் மேலே வருவதே இல்லை. “சோம்பேறிப் பசங்க. இவனுங்களுக்கு இந்த மாசம் சம்பள வெட்டு” என்று அந்தக் கூண்டைப் பார்த்துத் தினமும் ஏசுவார். பத்தாங் காலியிலிருந்து அவருடைய பழைய சிநேகிதர்கள்கூட மோட்டார் சைக்கிள் ஏறி மீன் பெரட்டைப் பார்க்க வந்தார்கள். பசியாறச் சொல்லி அனுப்புவோம். அந்த ஒரு மாதம் மாமா பத்து வயது குறைந்தவர்போல் நடந்தார்.

சிரிக்காத மனிதர்

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். தள்ளி நின்றவர் அந்த மலாய் அதிகாரிதான். சுங்கை ஆயர் தாவாருக்குப் போகிற வழியில், அதிகாலையில் எங்கள் கூண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாலத்தில் நடந்தார். முட்டி போட்டு உட்கார்ந்து வலையை இழுத்துப் பார்த்தார். பாசி அடைத்துப் பச்சையாக இருந்தது. மீன்களின் வாயருகில் கையை வைத்தார். எழுந்து என்னைப் பார்த்தார்.

“இனி புக்கான் லாப்பார், காக். இனி லெமாஸ்.”

இது பசி இல்லை, அக்கா. மூச்சு முட்டுகிறது.

எல்லாரும் சிரிப்பதை நிறுத்தினோம். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். தண்ணீரில் இருக்கும் காற்றைத்தான் மீன் சுவாசிக்கிறது. கூட்டம் அதிகமானால் விடிவதற்குள் அந்தக் காற்று தீர்ந்துவிடும். மேல் தண்ணீரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்குத்தான் வாயைப் பிளக்கிறது. வெயில் வந்து பாசி காற்று விட்டதும் கீழே இறங்கும். மூச்சுக்குத் தவிக்கிற நேரம் பார்த்து நாங்கள் தீனி கொட்டி, தின்னாத தீனி அழுகி, தண்ணீர் இன்னும் கெட்டிருக்கிறது. நாலாம் கூண்டைக் காட்டி, “இது நல்லா இருக்கு” என்றார்.

“பாதி மீனை எடுத்துருங்க. வேற கூண்டு கட்டுங்க, இல்லாட்டி சும்மாவாவது குடுத்துருங்க. மிச்சம் இருக்கிறது வளரும்” என்று சொல்லிவிட்டுப் போனார். எத்தனை குஞ்சு விட்டீர்கள் என்று என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவருக்கும் ஒரு பொய் சொல்லியிருப்பேன்.

எல்லாரும் போன பிறகும் மாமா பாலத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். வாங்கவில்லை.

“பெரட்டுல மழையில நனைஞ்சு, காய்ச்சலோட மூச்சு வாங்கிகிட்டு நிப்பாளுங்க புள்ள. நான் பேரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பியிருக்கேன். வந்து நின்னா நல்லாத்தான் இருக்காங்கன்னு நெனச்சேன்.”

தேத்தண்ணியை அவர் பக்கத்தில் பலகையில் வைத்தேன். மறுநாளிலிருந்து அவர் பெரட்டு எடுக்கவில்லை. இறங்கி வலை கழுவினார்.

“பாதியை எடுத்துரலாம் பாக்கியம்” என்று நாலைந்து தடவை சொன்னார்.

நான் விடவில்லை. ஒரு மீனைக்கூட எடுக்க விடவில்லை. எனக்கு அவை மீனாகத் தெரிந்தால்தானே? ஒவ்வொன்றும் என் வீட்டுக்காரர் எங்களோடு இருக்கப்போகிற ஒரு நாள். அதை அள்ளி யாருக்கோ சும்மா கொடு என்றால் எப்படிக் கொடுப்பேன்? வலையைக் கழுவினேன், காலைத் தீனியை நிறுத்தினேன், சாமிக்கு வேண்டிக்கொண்டேன். மீனை மட்டும் குறைக்கவில்லை.

அடுத்த மாதம் நாலு நாள் வெயிலே இல்லை, ஒரே மூட்டம். ஐந்தாம் நாள் இரண்டாம் கூண்டில் இருநூறு மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. நானும் மாமாவும் வாழைக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தோம். கையிலிருந்து அந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை. அந்தக் கையாலேயே சிங்கப்பூருக்கு எழுதினேன்: ‘இங்கு எல்லாம் நலம்.’

தவுக்கேயின் தராசு

என் வீட்டுக்காரர் நடுவில் வராமல் லீவைச் சேர்த்து வைத்து, அறுவடைக்கு ஒரு வாரம் வந்தார். ஓடி ஓடி வலையைத் தூக்கினார். கோலா சிலாங்கூரிலிருந்து மீன் வாங்கும் சீன முதலாளி, தவுக்கே என்போம், லோரியோடு வந்திருந்தார்.

முதலில் நாலாம் கூண்டைத் தூக்கினோம். தட்டு அளவு மீன்கள், துள்ளித் தண்ணீரை முகத்தில் அடித்தன. தவுக்கே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் வலைப்பக்கம் குனிந்துகொண்டேன். மற்ற மூன்றும் இன்னும் தண்ணீருக்குள் இருந்தன.

முதல் கூண்டைத் தூக்கினார். கனம் இருந்தது. ஆனால் எல்லாம் உள்ளங்கை அளவு, தலை பெருத்து உடம்பு சிறுத்த மீன்கள்.

“கெச்சில் லா! ரொம்பப் பொடிசு! இத யாரு வாங்குவா?” என்று தவுக்கே ஒரு மீனை எடுத்துத் திருப்பிப் போட்டார். கடைசியில் கருவாட்டுக்கென்று அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டார். நானூறு மீன் இருந்த ஒரு கூண்டு கொடுத்ததை, மூவாயிரத்துக்கு மேல் மீன் இருந்த மூன்று கூண்டும் சேர்ந்து கொடுக்கவில்லை.

லோரி போன பிறகு அவர் பலகையில் உட்கார்ந்தார்.

“எத்தனை விட்ட?”

“ஆயிரத்து இருநூறு.”

“அறுநூறுன்னு எழுதினியே?”

நான் பலகையில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டினேன்.

“ஏன் பாக்கியம்?”

“நீங்க சீக்கிரம் வரணும்னுதான்” என்றேன். அவ்வளவுதான், அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அடிப்பார் என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் அது பெரிய சேதி இல்லை. அவர் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அடிப் பைத்தியமே” என்றார். “எனக்கு மட்டும் அவசரம் இல்லையா?”

லீவு முடிந்து திரும்பிப் போனார். அடுத்த தடவை ஐந்நூறுதான் விட்டேன். ஒவ்வொரு கூண்டுக்கும் கையால் எண்ணி விட்டேன். அறுவடை நன்றாக வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. நான் பாதியாக்க நினைத்த பதினாலு மாதம் இருபத்தொன்றாகிவிட்டது.

அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. புஞ்சாக் ஆலாமில் மகள் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கூடிப்போன அந்த ஏழு மாதம் ஒரு பெரிய காலமா என்று நீங்கள் கேட்கலாம். அவர் இருந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அந்த ஏழு மாதத்தை யாராவது திருப்பிக் கொடுத்தால் கையேந்தி வாங்கிக்கொள்வேன்.

மூன்று மணி பஸ்

கடைசியாக அவர் வேலையை விட்டுவிட்டுப் பெட்டி படுக்கையோடு வந்தபோது கவிதாவுக்கு நாலு வயது நெருங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை வந்தார். சனிக்கிழமை முழுக்க அவள் அவர் மடியைவிட்டு இறங்கவில்லை.

வழக்கமாக அவர் கிளம்புகிற ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கவிதா வாசலுக்குப் போய் அவருடைய சப்பாத்துக் காலணிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள். அவருக்குப் புரியவில்லை.

“அப்பா, மூணு மணி பஸ் போயிரும்.”

“அப்பா போகலம்மா. இனிமே இங்கதான்.”

அவள் முகம் கோணியது. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கிவிட்டாள்.

“இல்ல, போங்க. போனாத்தானே வருவீங்க!”

பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த அப்பா, வருகிற அப்பா. சந்தியில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருவார், அவள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வாள். வீட்டிலேயே இருக்கிற அப்பாவிடம் எப்படி ஓடுவது?

நான் அடுக்களையில் பாத்திரத்தோடு நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். குனிந்து சப்பாத்தை மாட்டினார். காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுச் சந்திவரை நடந்தார். பஸ் வந்து நின்று, புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அவர் ஏறவில்லை. திரும்பி வீட்டை நோக்கி நடந்து வந்தார்.

“அப்பா வந்துட்டாங்க!” என்று கத்திக்கொண்டு கவிதா ஓடினாள்.

நானும் ஓடினேன். ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை.